பொண்ணுக்கு டீச்சர், பையனுக்கு இன்ஜினியர்: குரூப் எடுக்கும்போது நடக்கும் தவறுகள்

மகளுக்குப் பிளஸ் ஒன்னில் எந்த குரூப் என்று பேசும்போதே, அவளுக்கு எந்த வேலை ‘பொருந்தும்’ என்பதையும் வீட்டில் சேர்த்தே முடிவு செய்துவிடுகிறார்கள். கணிதத்தை விட்டுவிட்டால் பொறியியல் பிரிவுகளில் பெரும்பாலானவை கைநழுவிப் போகும், பி.எஸ்சி. கணிதமும் அப்படியே. ‘டீச்சர் வேலை போதும், சீக்கிரம் முடிந்துவிடும்’ என்ற கணக்கும் தப்பு. பட்டப்படிப்பு 3 ஆண்டு, பி.எட். 2 ஆண்டு, ஆக 5. பட்டதாரி ஆசிரியராக அரசுப் பள்ளிக்குப் போக அதன்பின் டெட் எனும் ஆசிரியர் தகுதித் தேர்வு, அதற்கும் மேல் நியமனத் தேர்வு. பி.இ. 4 ஆண்டில் முடிகிறது. விரும்பி ஆசிரியராகிறவள் ஆகட்டும். சுலபம் என்று சொல்லி அந்தப் பக்கம் தள்ளாதீர்கள்.

அதிகம் சேதமாவது பொறியியல் கலந்தாய்வின் சாய்ஸ் ஃபில்லிங்கில், அதாவது கல்லூரி, பிரிவுகளை விருப்ப வரிசையில் பட்டியலிடும் இடத்தில். மகனென்றால் சென்னை, கோவை எல்லாம் பட்டியலில் ஏறும்; மகளென்றால் பஸ்ஸில் போய்வரும் கல்லூரிகள் மட்டும். தரவரிசைப்படி உங்கள் முறை வரும்போது, நீங்கள் கொடுத்த வரிசையில் முதலில் காலியாக இருக்கும் இடம்தான் ஒதுக்கப்படும். 200-க்கு 190 கட்-ஆஃப் வைத்திருப்பவள் உள்ளூர்க் கல்லூரியை முதலில் போட்டால் அதுவே வந்து நிற்கும். கீழே எழுதிய நல்ல கல்லூரிக்குப் பேச்சே இல்லை. எத்தனை சாய்ஸ் வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்பதால், அவள் விரும்பும் பிரிவும் கல்லூரியும் மேலே இருக்கட்டும். தூரம்தான் பயமென்றால் பட்டியலை இறுதியாக லாக் செய்வதற்கு முன்பே விடுதியை நேரில் போய்ப் பாருங்கள். பாஸ்வேர்டும் ஓ.டி.பி.யும் அவள் கையில்தான் இருக்க வேண்டும். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து சித்தப்பாவோ மாமாவோ வரிசையை மாற்றிவிடக் கூடாது.

பையன்களையும் இது விடுவதில்லை. நர்சிங் ஆசை உள்ளவனை ‘ஆம்பளைக்கு என்ன நர்சிங்’ என்று கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்பில் சேர்த்தால், உயிரியல் இல்லாமல் பி.எஸ்சி. நர்சிங்குக்கு விண்ணப்பிக்க முடியாது. குடும்பம் நொடித்தால் பிளஸ் டூவோடு வேலைக்கு அனுப்பப்படுகிறவனும் பெரும்பாலும் அவனே. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்கள் உயர்கல்வியில் சேர்ந்தால், மாணவருக்குத் தமிழ்ப் புதல்வன், மாணவிக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. சேர்ந்த வாரமே கல்லூரி அலுவலகத்தில் கேளுங்கள்.

‘கல்யாணமானால் விடத்தானே போகிறாள்’ என்று சம்பளம் குறைந்த வேலையை ஏற்கச் சொல்வது படித்த வீடுகளிலும் நடக்கிறது. முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு தருவது சட்டம். பிரசவத்துக்கு முந்தைய 12 மாதங்களில் 80 நாள் வேலை பார்த்திருக்க வேண்டும். 50 பேருக்குக் குறையாத நிறுவனம் குழந்தைக் காப்பகமும் ஏற்பாடு செய்ய வேண்டும். இரண்டையும் ஆஃபர் லெட்டர் வாங்கும்போதே எச்.ஆரிடம் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள்.