பினாங்கு: படகுத்துறையிலிருந்து தொடங்குங்கள்

கோலாலம்பூரிலிருந்து முதன்முறை பினாங்குத் தீவுக்குப் போகிறவர்கள் பலரும் பாலத்தில் ஏறி, நேரே பத்து ஃபிரிங்கி கடற்கரைக்கு வண்டியை விடுகிறார்கள். நானும் அப்படித்தான் போனேன். உச்சி வெயிலில் மணல் காலைப் பொசுக்கியது. பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனைக் கார் கண்ணாடி வழியாகப் பார்த்ததோடு சரி. துறைமுகத்தால் பிறந்த ஊருக்குக் கடல் வழியே போவதுதான் முறை.

1. ரயில்

கேஎல் சென்ட்ரலில் பட்டர்வொர்த் போகும் இடிஎஸ் மின்சார ரயிலில் ஏறி, தீவுக்கு எதிர்க்கரையிலுள்ள அந்தக் கடைசி நிலையத்தில் இறங்குங்கள். பள்ளி விடுமுறை என்றால் டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.

2. படகு

நிலையத்திலிருந்து படகுத்துறைக்கு நடந்தே போகலாம். டச் அண்ட் கோ கட்டண அட்டையில் சில வெள்ளி (ரிங்கிட்) இருக்கட்டும். பயணம் சில நிமிடங்கள்தான். கைப்பேசியைப் பையில் போட்டுவிட்டுக் கரையைப் பாருங்கள். 1926இல் கட்டப்பட்ட ரஜுலா கப்பல் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஏற்றிய ஆட்களை இறக்கிவிட்டது இந்தத் துறைமுகத்தில்தான். உங்கள் தாத்தா பாட்டி முதலில் கண்ட மலாயா இந்தக் கரையாகவே இருக்கலாம்.

3. நடை

குடையும் தண்ணீரும் கையில் இருக்கட்டும். அருகிலுள்ள சியூ ஜெட்டியில் கடலுக்குள் கால் நட்டு நிற்கும் சீனர்களின் மரவீடுகளைப் பாருங்கள். அவற்றில் குடும்பங்கள் வசிக்கின்றன. சன்னலுக்குள் கேமராவை நீட்டாதீர்கள்.

அடுத்து, 1786இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக ஆங்கிலேயர் பிரான்சிஸ் லைட் வந்து இறங்கிய இடத்திலுள்ள கார்ன்வாலிஸ் கோட்டை. எனக்கு அதைவிடப் பக்கத்து மணிக்கூண்டைப் பிடிக்கும். விக்டோரியா அரசியின் அறுபது ஆண்டு ஆட்சிக்காக அறுபது அடி உயரம். போர்க்காலக் குண்டு அதிர்ச்சியில் சற்றே சாய்ந்து நிற்கிறது.

பிறகு லிட்டில் இந்தியா. குயீன் தெருவில் 1833ஆம் ஆண்டின் மாரியம்மன் கோயில், சற்றுத் தள்ளி கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், சூலியா தெருவில் நாகூர் தர்கா. கடல் கடந்து வந்தவர்கள் இங்கே தங்கள் நாகூரையும் கட்டிக்கொண்டார்கள். அவசரப்படாதீர்கள், இந்தச் சில தெருக்களுக்கே இரண்டு மணி நேரம் கொடுங்கள்.

4. சாப்பாடு

நாசி கண்டார்தான், வேறு பேச்சே இல்லை. தமிழ் முஸ்லிம்கள் காவடித் தண்டில் சோறும் கறியும் சுமந்து துறைமுகத் தொழிலாளிகளுக்கு விற்றதில் வந்த பெயர் அது. "பஞ்சிர்" என்று சொன்னால் குழம்பு வெள்ளமாக ஊற்றுவார்கள். விலையை முதலிலேயே கேட்டுவிடுங்கள். பெரிய இறால் ஒன்றை எடுத்துவிட்டு நான் விழித்த விழி எனக்குத்தான் தெரியும்.

5. கடற்கரை

மாலை நான்கு மணிக்கு மேல் படகுத்துறையிலிருந்து 101ஆம் எண் பஸ். சில்லறை சரியாக வைத்துக்கொள்ளுங்கள், மீதி கிடைக்காது. பத்து ஃபிரிங்கியில் நீர் கொஞ்சம் கலங்கல்தான். ஜெல்லி மீன் நடமாட்டம் உண்டு என்பதால், இறங்குமுன் கரையில் இருப்பவர்களிடம் கேளுங்கள். நான் முழங்காலோடு நிறுத்திக்கொள்வேன். இருட்டியதும் சாலையோர இரவுச் சந்தை விரியும். சொன்ன விலையில் பாதியிலிருந்து பேரத்தைத் தொடங்கலாம். ஜார்ஜ் டவுனுக்குத் திரும்பக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதை மட்டும் இறங்கும்போதே ஓட்டுநரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.