சிக்னல் குறைந்த தோட்டத்திலிருந்தும் ஒரு நாட்டை ஆளலாம்: நேஷன்ஸ்டேட்ஸ் வழிகாட்டி

மஸ்கெலியாவிலோ பூண்டுலோயாவிலோ மழை பிடித்துக்கொண்டால் சிக்னல் ஒரு கோட்டுக்கு இறங்கிவிடும். அப்போதும் விளையாடக்கூடியது நேஷன்ஸ்டேட்ஸ், கற்பனை நாடு ஒன்றை உருவாக்கி ஆளும் இணைய விளையாட்டு. ஆஸ்திரேலிய எழுத்தாளர் மேக்ஸ் பரி 2002 நவம்பரில் தொடங்கிய இந்த விளையாட்டு முழுக்க எழுத்துதான். பிரவுசர் போதும், பணம் கட்டத் தேவையில்லை, டேட்டாவும் அதிகம் போகாது. செட்டிங்ஸில் 'மொபைல்' என்ற தோற்றத்தை (தீம்) தெரிவு செய்தால் சிறிய போனிலும் வாசிக்கலாம். ஆனால் எல்லாம் ஆங்கிலத்தில். பாதி புரிந்து பட்டனை அழுத்துகிறவருக்கு இது சரிவராது.

பதியும்போது நாட்டின் பெயரை ஆங்கில எழுத்தில்தான் கொடுக்க வேண்டும். பிறகு அதை மாற்ற முடியாது, எழுத்துப் பிழையோடு வைத்தால் பிழையோடுதான் இருக்கும். நாணயம், தேசிய விலங்கு, முழக்கம், கொடி ஆகியவற்றைப் பின்னாலும் மாற்றலாம். நாணயத்துக்கு 'கொழுந்து', விலங்குக்குச் சிறுத்தை என்று வைத்தால் யாரும் கேட்கப்போவதில்லை. மின்னஞ்சலைக் கட்டாயம் கொடுங்கள். கடவுச்சொல் மறந்தால் நாட்டை மீட்க வேறு நல்ல வழி இல்லை.

ஆட்சி என்பது 'இஷ்யூ'களுக்கு, அதாவது நாட்டில் எழும் பிரச்சினைகளுக்கு, தரப்படும் தெரிவுகளில் ஒன்றை எடுத்துப் பதில் சொல்வது. பதில் சொல்லாத இஷ்யூகள் 5 சேர்ந்துவிட்டால் புதியது வராது. ஒவ்வொரு தெரிவையும் ஒரு ஆள் பேசுவதுபோல எழுதியிருப்பார்கள். முதல் வரி நியாயமாக இருக்கும், சட்டத்தின் உண்மையான சுமை கடைசி வரியில் ஒளிந்திருக்கும். புதியவர்களின் நாடு கோணலாகப் போவது இங்கேதான். சம்பள உயர்வு பற்றிய இஷ்யூ வந்தால் நம் பக்கத்து மனது உடனே ஒரு பக்கம் சாயும். சாயட்டும், ஆனால் அதே தெரிவு வரியை ஏற்றுகிறதா, தொழிலை முடக்குகிறதா என்று பார்த்துவிட்டு அழுத்துங்கள். அழுத்திய முடிவைத் திரும்பப் பெற முடியாது. இந்த விளையாட்டு நையாண்டி கலந்தது, எதையும் எல்லைவரை இழுத்துக் காட்டும். எந்தத் தெரிவும் பிடிக்கவில்லையென்றால் 'டிஸ்மிஸ்' செய்து இஷ்யூவைத் தள்ளிவிடுவதே மேல். பதில் சொன்ன கையோடு எந்த அளவு ஏறியது, எது இறங்கியது என்று பட்டியல் வரும். சிவில் உரிமை, பொருளாதாரம், அரசியல் சுதந்திரம் மூன்றும் சேர்ந்துதான் உங்கள் அரசின் வகைப் பெயரைத் தீர்மானிக்கின்றன. மூன்றையும் ஒன்றாக உச்சியில் வைக்கப் பார்ப்பதைவிட ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதற்கேற்பப் பதில் சொன்னால் நாட்டுக்கு ஒரு முகம் வரும்.

விளையாட்டுக்குள் ஐ.நா. சபைபோல இருக்கும் வேர்ல்ட் அசெம்பிளியில் சேர்வது உங்கள் விருப்பம். விண்ணப்பித்து, மின்னஞ்சலில் வரும் இணைப்பை அழுத்த வேண்டும். ஒருவர் எத்தனை நாடும் வைத்திருக்கலாம், ஆனால் அசெம்பிளியில் ஒன்றுதான். மலையகத்தில் அதிகம் சிக்கல் தரக்கூடிய விதி இது. ஒரே லயத்தில் அண்ணனும் தம்பியும் ஒரே ஹாட்ஸ்பாட்டில், அதிலும் ஒரே போனில் விளையாடினால், இரண்டும் ஒரே ஆளுடையவை என்று சந்தேகம் விழும், அசெம்பிளியிலிருந்து நீக்கப்படலாம். அப்படிப்பட்ட வீட்டில் ஒருவர் மட்டும் சேர்வது பாதுகாப்பு. சேர்ந்தால் அங்கே நிறைவேறும் தீர்மானங்கள் உங்கள் நாட்டின் அளவுகளையும் மாற்றும் என்பதையும் மனதில் வையுங்கள்.

ஒவ்வொரு நாடும் ஒரு பிராந்தியத்தில், அதாவது நாடுகளின் ஒரு கூட்டத்தில், இருக்கும். ஒரே பிராந்தியத்திலுள்ள அசெம்பிளி நாடுகள் ஒன்றுக்கொன்று 'எண்டோர்ஸ்மென்ட்' எனும் ஆதரவைக் கொடுக்கலாம். அதிகம் பெற்றவர் அந்தப் பிராந்தியத்தின் பிரதிநிதியான டெலிகேட் ஆவார். பிராந்தியம் மாறினாலோ அசெம்பிளியிலிருந்து விலகினாலோ சேர்த்ததெல்லாம் போய்விடும். அதனால் முதலில் நல்ல பிராந்தியத்தில் குடியேறுங்கள், பிறகு கேளுங்கள்.

டெலிகேட் மாற்றம் கணக்கில் ஏறுவது 'அப்டேட்' நேரத்தில், நாளுக்கு இரண்டு முறை: நம் நேரப்படி காலை 9.30 மணிவாக்கிலும் இரவு 9.30 மணிவாக்கிலும் தொடங்கும். அமெரிக்காவில் குளிர்காலக் கடிகாரம் நடக்கும் மாதங்களில் இரண்டும் ஒரு மணிநேரம் பிந்தும். பிராந்தியங்களைக் கைப்பற்றும் கூட்டங்கள் இந்த நேரத்துக்குச் சற்று முன்பு திடீரென உள்ளே வந்து, தங்கள் ஆளுக்கு எண்டோர்ஸ்மென்ட் குவிக்கும். நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து பிராந்தியம் தொடங்கினால் 'ஸ்ட்ராங்ஹோல்ட்' வகையைத் தெரிவு செய்வது நல்லது, அதில் பிராந்தியத்தைக் காக்கும் கவர்னர் இருப்பார். 'ஃபிரன்டியர்' வகைக்குப் புதிய நாடுகள் தாமாக வரும், ஆனால் கவர்னரின் காவல் இல்லை.

28 நாள் உள்நுழையாவிட்டால் நாடு மறைந்துவிடும். சாதாரண தர, உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறவர்கள் செட்டிங்ஸில் 'வெக்கேஷன் மோட்' போட்டால் 60 நாள்வரை தாங்கும். அதையும் தவறவிட்டால் பழைய பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்து நாட்டை மீட்டெடுக்கலாம். பழைய எண்டோர்ஸ்மென்ட்கள் மட்டும் திரும்ப வராது.