சாமி கும்பிடாதவரிடம் பேசும்போது நாம் செய்யும் தவறுகள்

எங்கள் ராமநாதபுரம் கரையில் மதம் தாண்டிப் பேசுவது புதிதில்லை. ஏர்வாடி தர்காவுக்கு இந்துக்களும் போகிறார்கள். ஓரியூரில் உள்ள கிறிஸ்தவப் புனிதர் அருளானந்தருக்கு நேர்ந்துகொள்கிறவர்களில் எல்லா மதத்தாரும் உண்டு. ஆனால் "எனக்கு எந்தச் சாமியும் இல்லை" என்று ஒருவர் சொல்லிவிட்டால், அடுத்து என்ன பேசுவதென்று நமக்குத் தெரிவதில்லை. அங்கேதான் வாய் தவறுகிறது.

நான் செய்ததையே சொல்கிறேன். மாமா இறந்தபின் வந்த தை அமாவாசைக்கு அத்தை ராமேஸ்வரம் வந்தார். கூட வந்த மச்சான் சாமி கும்பிடாதவர். அக்னி தீர்த்தத்தில் முங்கிவிட்டு, கோயிலுக்குள் 22 தீர்த்தமும் ஆடப் போனோம். தரையெல்லாம் ஈரம். மச்சான் ஒரு கையில் துண்டும் மாற்றுப் புடவையும், மறு கையில் அத்தையின் முழங்கையுமாக வந்தார். ஒரு கிணற்றடியில் நான், "அம்மாவுக்காகவாவது ஒரு வாளி ஊத்திக்கங்க மச்சான்" என்றேன். சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் முகம் சுருங்கிவிட்டது. அத்தைதான், "அவனை விடுப்பா, வழுக்காமப் பிடிச்சுட்டு வர்றான்ல" என்றார். பாசத்தைக் காட்டி, அதுவும் நாலு பேர் முன்னால் நெருக்குவதுதான் முதல் தவறு.

"கஷ்டம் வந்தா தானா கும்பிடுவ" என்பது அதைவிட மோசம். கேட்பவருக்கு அது சாபம் மாதிரி. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியே அழிந்தது. பாம்பனிலிருந்து போன ரயிலும் கடலோடு போனது. கும்பிட்டவரா இல்லையா என்று அந்த அலை பார்க்கவில்லை. நான் தினமும் விளக்கேற்றுகிறவன். இருந்தும், யாருடைய துன்பத்தையும் என் சாமிக்குச் சாட்சியாக இழுக்க எனக்கு மனம் வராது.

புரோகிதர் இல்லாமல் மாலை மாற்றிக்கொண்டவர்களிடம் "அது என்ன கல்யாணம்?" என்று கேட்காதீர்கள். இந்து திருமணச் சட்டத்துக்குத் தமிழ்நாட்டில் வந்த 1967-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி அதுவும் முறையான திருமணம்தான். "சாமி இல்லைங்கிறவனுக்குப் பொங்கல் மட்டும் எதுக்கு?" என்ற குத்தலும் வேண்டாம். பசித்தவருக்குச் சோறு போடும்போது கணக்குப் பார்க்கலாமா?

அப்புறம், அவர் வந்துவிட்டாரே என்று நம் பேச்சை மறைப்பதும் தவறுதான். திருவிழா, நேர்த்திக்கடன் எல்லாம் எப்போதும்போல பேசுங்கள். அவர் கேள்வி கேட்டால், தெரிந்ததைச் சொல்லுங்கள். திருநீற்றுத் தட்டை அவரிடமும் நீட்டுங்கள். எடுத்தால் சரி. எடுக்காவிட்டால், முகம் மாறாமல் அடுத்தவரிடம் போங்கள்.