பராகுவே நாட்டு தெரெரே: வெயில் காலத்துக்கு வீட்டிலேயே போடுவது எப்படி?

பராகுவேயில் ஜனவரி மாதம்தான் நடுக்கோடை. தலைநகர் அசுன்சியோனில் 40 டிகிரி வரைக்கும் போகும். அந்த நேரத்தில் அங்கே கடைத்தெரு, பஸ் நிலையம், அலுவலகம் என்று எங்கே பார்த்தாலும் ஒரு கையில் பெரிய தெர்மாஸ், இன்னொரு கையில் மாட்டுக்கொம்புக் குவளையோடு நாலு பேர் வட்டமாக உட்கார்ந்து ஐஸ் தண்ணீரை ஊற்றி ஊற்றிக் குடித்துக்கொண்டிருப்பார்கள். அதுதான் தெரெரே. யெர்பா மாத்தே என்ற மரத்தின் இலையை நெருப்பு அனலில் சட்டென்று வாட்டி, காயவைத்து, மாதக்கணக்கில் கிடங்கில் வைத்துப் பக்குவப்படுத்தி, பிறகு உடைத்துத் தூளாக்குவார்கள். அந்தத் தூளில் குளிர்ந்த நீர் ஊற்றினால் தெரெரே, சூடான நீர் ஊற்றினால் மாத்தே.

இதைப் பற்றி எழுதத் தோன்றியதற்குக் காரணம், இது வெறும் ஐஸ் டீ இல்லை என்பதுதான். தண்ணீரில் பச்சை மூலிகைகளை இடித்துப் போடுவார்கள். அங்குள்ள பூர்வகுடிகளான குவாரனி மக்கள் இந்த மூலிகைகளைப் போஹா ஞானா என்கிறார்கள். தெரெரேயையும் இந்த மூலிகை அறிவையும் சேர்த்தே 2020-ல் யுனெஸ்கோ மனிதகுலப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏற்றியது. நாட்டுக்குள்ளே பிப்ரவரி கடைசி சனிக்கிழமை தேசியத் தெரெரே நாள்.

சரி, போடுவோம்.

முதலில் சாமான்கள்

யெர்பாதான் கொஞ்சம் தேட வேண்டியது. இந்தியாவில் ஆன்லைனில் கிடைக்கிறது. வளைகுடாவில் இருப்பவர்களுக்கு இன்னும் சுலபம், சிரியாக்காரர்களும் லெபனான்காரர்களும் மாத்தே குடிக்கிறவர்கள், அதனால் அவர்கள் கடைகளில் அர்ஜென்டினா பாக்கெட்டுகளைப் பார்க்கலாம். தெரெரேக்குக் காம்புத் துண்டுகளோடு, கொஞ்சம் கொரகொரப்பாக இருக்கும் யெர்பாதான் நல்லது. பிரேசிலில் ஷிமாஹோன் என்ற சூடான பானத்துக்கென்று பச்சைப் பசேலென்று மாவு மாதிரி அரைத்து விற்பார்கள், புதியவர்கள் அதை வாங்காதீர்கள், உறிஞ்சுகுழல் உடனே அடைத்துக்கொள்ளும்.

பாக்கெட்டின் பின்பக்கத்தை ஒருமுறை படித்துவிடுங்கள். புதினாவும் போல்டோ இலையும் கலந்து வரும் பராகுவே யெர்பா உண்டு. போல்டோ சிலி நாட்டு மரம், அதன் இலை கர்ப்பிணிகளுக்கும் கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கும் ஆகாது. முதல்முறை வாங்குகிறவர்கள் எதுவும் கலக்காத யெர்பாவையே வாங்குங்கள், மூலிகையை நாமே போட்டுக்கொள்ளலாம்.

அடுத்தது குவளை. அங்கே குவாம்பா என்பார்கள், மாட்டுக்கொம்பிலோ வாசனை மரத்திலோ செய்வது. நமக்கு வீட்டு எவர்சில்வர் டம்ளரே போதும், 200 மில்லி பிடித்தால் சரி. ஆனால் பொம்பில்யா எனப்படும் உலோக உறிஞ்சுகுழல் கட்டாயம் வேண்டும், அடியில் சல்லடை இருக்கும். சாதாரண ஸ்ட்ரா போட்டால் வாய் நிறையத் தூள்தான் வரும். ஐஸ் தண்ணீருக்கு ஒரு லிட்டர் ஜாடியோ தெர்மாஸோ எடுத்துக்கொள்ளுங்கள்.

மூலிகை

அசுன்சியோனின் 4-ஆம் எண் சந்தையில் மூலிகை விற்கும் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். உடம்புக்கு என்ன என்று சொன்னால், அதற்கேற்ற செடியை எடுத்து மர உரலில் அங்கேயே இடித்துக் கொடுப்பார்கள். வயிற்றுக்குப் புதினா, செரிமானத்துக்குக் கோக்கு என்ற மரத்தின் இலை, சிறுநீர் நன்றாகப் போகக் குதிரைவால் செடி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு. எது உடம்பைக் குளிர்விக்கும், எது சூடு என்று அவர்களும் பிரித்துப் பார்ப்பார்கள், நம் பாட்டிமாருக்கு இதை விளக்கவே வேண்டாம்.

நாம் இரண்டோடு ஆரம்பிக்கலாம், இரண்டும் அங்கே தெரெரேயில் வழக்கமாகப் போடுகிறவைதான்: புதினா, எலுமிச்சைப்புல். ஒரு கைப்பிடி புதினாவும், இரண்டு மூன்று எலுமிச்சைப்புல் தாளும் எடுத்து நன்றாகக் கழுவுங்கள். இடிகல்லில் இஞ்சி தட்டுகிற மாதிரி லேசாகத் தட்டினால் போதும், விழுதாக்கிவிட்டால் கசப்பும் பச்சை வாடையும் ஏறிவிடும். அதை ஜாடியில் போட்டு, குடிக்கிற தண்ணீரும் நிறைய ஐஸும் சேர்த்துப் பத்து நிமிடம் விடுங்கள். மூலிகை போவது ஜாடிக்குள், டம்ளருக்குள் அல்ல. அங்கே போட்டால் குழல் அடைக்கும்.

பெயர் தெரியாத செடியைப் பறித்துப் போடுவது, கடையில் விற்கும் ஏதோ பொடியைக் கலப்பது, இந்த வேலையெல்லாம் வேண்டாம்.

டம்ளரை நிரப்புவது

இதில்தான் பாதிப் பேர் சொதப்புவார்கள், அதனால் நிதானமாகச் செய்யுங்கள். டம்ளரில் முக்கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவாக யெர்பா போடுங்கள். ஆமாம், அவ்வளவு. டீத்தூள் மாதிரி ஒரு ஸ்பூன் போட்டால் ஒன்றும் வராது. உள்ளங்கையால் வாயை மூடி, டம்ளரைக் கவிழ்த்து இரண்டு மூன்று முறை குலுக்குங்கள், மெல்லிய தூள் கைப்பக்கம் வந்துவிடும். அப்புறம் டம்ளரைச் சாய்த்தபடியே மெதுவாக நிமிர்த்தினால் யெர்பா ஒருபக்கம் மேடாகவும் மறுபக்கம் பள்ளமாகவும் நிற்கும். அந்தப் பள்ளத்தில் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு, இலை உறிஞ்சிக்கொள்ளும்வரை காத்திருங்கள்.

இந்த முதல் தண்ணீரை யாரும் குடிப்பதில்லை, அது புனித தோமையாருக்கு என்பார்கள். யெர்பாவைப் பயன்படுத்தக் கற்றுத்தந்தவர் அவர்தான் என்று அங்கே ஒரு ஐதிகம் உண்டு. நம் சென்னைப் பரங்கிமலையின் அதே தோமையார்தான்! அவர் பராகுவேக்குப் போயிருக்க வழியே இல்லை, ஆனால் குவாரனிகளின் பாய் சுமே என்ற பழைய கதைமாந்தரை இயேசு சபைப் பாதிரியார்கள் அவரோடு இணைத்துவிட்டார்கள்.

யெர்பா ஊறியதும் பொம்பில்யாவின் மேல்வாயைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு, பள்ளத்தின் பக்கமாக அடிவரைக்கும் இறக்குங்கள். இறக்கியபின் அதை ஆட்டக் கூடாது, கிளறவே கூடாது. கை சும்மா இருக்காது, தெரியும், இருந்தாலும் விட்டுவிடுங்கள். கிளறினால் தூள் சல்லடைக்குள் போய் அடைத்து, அந்த டம்ளரே வீண்.

குடிப்பது

குழலை ஒட்டி ஐஸ் தண்ணீரை ஊற்றுங்கள், உறிஞ்சுங்கள், கடைசியில் கொரகொரவென்று சத்தம் வரும்வரை குடியுங்கள், மறுபடி ஊற்றுங்கள். முதல் இரண்டு சுற்று நல்ல கசப்பு. பிறகு புதினா மேலே வரும். சர்க்கரை போட நினைத்தால், அர்ஜென்டினாவின் மிசியோனெஸ் பக்கம் செய்வதுபோல தண்ணீருக்குப் பதில் பழச்சாறு ஊற்றிப் பாருங்கள், அதற்கும் தனிப் பெயரே இருக்கிறது, ரஷ்யத் தெரெரே. எனக்கு அது ரஸ்னா மாதிரிதான் தெரிகிறது. ஒரு லிட்டர் போனபிறகு இலையில் ருசி தீர்ந்து சப்பென்று ஆகிவிடும், அத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கூட்டமாகக் குடித்தால் ஒருவர்தான் ஊற்றிக் கொடுப்பார், பெரும்பாலும் இருப்பதிலேயே வயதில் சின்னவர். ஒரே குழல், ஒரே குவளை. "கிராசியாஸ்" என்று நன்றி சொல்லிவிட்டால் போதும் என்று அர்த்தம், அடுத்த சுற்று உங்களுக்கு வராது. கொரோனா வந்தபோது குவளையைப் பகிர வேண்டாம் என்று அங்கேயே சொன்னார்கள், சளி காய்ச்சல் காலத்தில் நாமும் ஆளுக்கொரு குழல் வைத்துக்கொள்வதுதான் நல்லது.

யாருக்கு வேண்டாம்

யெர்பாவில் கஃபீன் உண்டு. தூக்கப் பிரச்சினை, படபடப்பு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் குடிக்க வேண்டாம். டீயைப் போலவே இதுவும் சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கும், ரத்தசோகை இருந்தால் சாப்பாட்டு நேரத்தில் தவிர்த்துவிடுங்கள். சிறுநீர் பெருக்கும் மூலிகைகளை, பி.பி. மாத்திரையோ சிறுநீரகத்துக்கு மருந்தோ எடுப்பவர்கள் தொடவே கூடாது. சூடான மாத்தே பற்றியும் ஒன்று: 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் எந்தப் பானமும் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2016-ல் சொன்னது. குளிர்ந்த தெரெரேக்கு அந்த வம்பு இல்லை. எடை குறைக்கும் என்று விற்கும் யெர்பா காப்ஸ்யூல்களுக்குப் பணத்தைக் கொட்டாதீர்கள், இலையாகவே குடியுங்கள்.

கழுவுவது

குடித்து முடித்ததும் யெர்பாவை அன்றே தட்டிவிடுங்கள், ஈரத்தோடு ஓரிரவு இருந்தால் பூஞ்சை பிடிக்கும். செடித்தொட்டியில் போட்டால் உரம். பொம்பில்யாவின் சல்லடையைக் கழற்ற முடிந்தால் கழற்றித் தேய்த்து, அவ்வப்போது வெந்நீரில் கொதிக்கவையுங்கள். கொம்புக் குவளையோ மரக்குவளையோ வாங்கியிருந்தால் சோப்புப் போடாமல் அலசி, காற்றோட்டமாகச் சாய்த்து வைத்து முழுக்கக் காய்ந்தபின் எடுத்து வையுங்கள்.