கணினி தொடங்கவில்லையா? எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று முதலில் பாருங்கள்

மும்பையில் மழைக்காலம் பிடித்துவிட்டால் மாதுங்கா, சயான், செம்பூர் பக்கத்து வீடுகளில் ஒரே புகார் திரும்பத் திரும்பக் கேட்கும்: நேற்று இரவு வரை நன்றாக ஓடிய மேசைக் கணினி இன்று காலை தொடங்கவில்லை. இந்தப் புகாரை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் எதையும் சரிசெய்ய முடியாது. மின்சாரமே உள்ளே போகவில்லையா, விசிறி சுற்றியும் திரை இருட்டாக இருக்கிறதா, மதர்போர்டு (பாகங்கள் எல்லாம் இணையும் முதன்மைப் பலகை) நிறுவனத்தின் சின்னம் வந்து அத்தோடு நின்றுவிடுகிறதா, விண்டோஸ் பாதி ஏறியபின் விழுகிறதா என்பது தெரிந்தால்தான் தேட வேண்டிய இடம் சுருங்கும். கடையில் பெரும்பாலும் முதல் வார்த்தையாகச் சொல்லப்படும் 'ஃபார்மேட்' (வட்டை முழுவதும் அழித்து விண்டோஸை மீண்டும் நிறுவுவது), இந்த நான்கில் கடைசி நிலைக்கு மட்டுமே பொருந்தக்கூடியது; அதற்கும் அது கடைசி வழிதான்.

தேவையான கருவிகள் குறைவு. ஒரு ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், டார்ச், பென்சில் எழுத்தை அழிக்கும் மென்மையான ரப்பர், படம் எடுக்க ஒரு கைபேசி ஆகியவை போதும். கேபினட்டைத் திறக்குமுன் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். உள்ளே எதையும் கழற்றுவதற்கு முன் எல்லா வயர்களும் தெரியும்படி படம் எடுத்துக்கொண்டு, கேபினட்டின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியை ஒருமுறை தொட்டபின் வேலையைத் தொடங்குங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும். இரண்டு மாற்றங்களைச் சேர்த்துச் செய்தால், கணினி ஓடத் தொடங்கினாலும் பழுது எதில் இருந்தது என்பது தெரியாமலே போய்விடும்.

விளக்கே எரியவில்லை என்றால்

முதலில் யூபிஎஸ், ஸ்பைக் பஸ்டர் இரண்டையும் விலக்கிவிட்டு, கணினியின் மின்வடத்தை நேரடியாகச் சுவர் சாக்கெட்டில் செருகுங்கள். அந்தச் சாக்கெட்டில் கைபேசி சார்ஜரோ மேசை விளக்கோ வேலை செய்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கேபினட்டின் பின்புறம் எஸ்எம்பிஎஸ்ஸில் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) உள்ள சிறிய சுவிட்ச், கோடு போட்ட பக்கம் அழுந்தியிருக்க வேண்டும். தூசி தட்டும்போது கை பட்டு அது அணைந்துவிடுவது உண்டு. அதுவும் சரியாக இருந்தால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு, முன்புறப் பொத்தானை 15 விநாடி அளவுக்கு அழுத்திப் பிடித்து, எஞ்சிய மின்னூட்டம் வடிந்தபின் மறுபடி செருகிப் பாருங்கள்.

அப்போதும் அசைவில்லை என்றால் மதர்போர்டுக்குச் செல்லும் 24 பின் இணைப்பும், பிராசஸருக்கு அருகில் உள்ள 4 அல்லது 8 பின் இணைப்பும் முழுமையாக அழுந்தியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இவற்றில் குறையில்லாதபோது சந்தேகம் எஸ்எம்பிஎஸ் மீது விழுகிறது. அதன் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். உள்ளிருக்கும் கெப்பாசிட்டர்கள் பிளக்கைப் பிடுங்கிய பின்னரும் ஆபத்தான மின்னழுத்தத்தைச் சிறிது நேரம் வைத்திருக்கும். மாற்று எஸ்எம்பிஎஸ் ஒன்றைப் பொருத்திப் பார்ப்பதுதான் நம்பகமான சோதனை.

விசிறி சுற்றுகிறது, திரை இருட்டாக இருக்கிறது

மழைக்கால மும்பையில் அதிகம் காணும் நிலை இதுதான் என்பது என் கணிப்பு. உள்ளே கை வைக்குமுன் மானிட்டரைப் பாருங்கள். தனி கிராபிக்ஸ் கார்டு உள்ள கணினியில் எச்டிஎம்ஐ வடம் அந்தக் கார்டில்தான் செருகப்பட வேண்டும். மதர்போர்டின் துளையில் செருகினால் பெரும்பாலும் படம் வராது. மானிட்டரின் மெனுவில் சரியான உள்ளீடு தேர்வாகியிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

அடுத்தது ரேம், அதாவது கணினியின் தற்காலிக நினைவகப் பலகை. கடற்காற்றின் உப்பும் ஈரமும் சேர்ந்து ரேமின் தொடுமுனைகளில் மெல்லிய படலத்தை உண்டாக்கும். அந்தப் படலம் போதும், கணினி தன் தொடக்கச் சோதனையைத் தாண்டாமல் நிற்பதற்கு. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ரேமின் முனையில் உள்ள பூட்டைத் திறந்து, பலகையை ஓரங்களில் பிடித்து நேராக மேலே எடுங்கள். பொன்னிறத் தொடுமுனைகளின் மேல் ரப்பரை ஒரே திசையில் மெதுவாகத் தேய்த்து, துகள்களை ஸ்லாட்டிலிருந்து தள்ளி வேறிடத்தில் உதறுங்கள். அழுத்தித் தேய்த்தால் பொன் பூச்சே போய்விடும் என்பதால், இரண்டு மூன்று இழுப்புக்கு மேல் வேண்டாம். ரேமின் வெட்டு, ஸ்லாட்டின் மேட்டோடு பொருந்துகிறதா என்று பார்த்து, பூட்டு 'டக்' என்று விழும்வரை இருபுறமும் சமமாக அழுத்துங்கள்.

இரண்டு ரேம் இருந்தால், ஒன்றை மட்டும் போட்டு ஓட்டிப் பார்த்து, பிறகு மற்றதைப் போட்டுப் பாருங்கள். நான்கு ஸ்லாட் உள்ள மதர்போர்டுகளில் ஒற்றை ரேமுக்கு உரிய இடம் பெரும்பாலும் பிராசஸரிலிருந்து இரண்டாவது ஸ்லாட். கையேட்டில் அது குறிக்கப்பட்டிருக்கும். டிடிஆர்5 என்ற புதிய வகை ரேம் உள்ள கணினியில் ஓர் எச்சரிக்கை: ரேமை மாற்றியபின் முதல் முறை தொடங்கும்போது, மதர்போர்டு அதைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் இருட்டாகவே இருக்கலாம். பொறுமையிழந்து அணைத்துவிட்டால் அந்த வேலை மீண்டும் முதலிலிருந்து தொடங்கும்.

பீப் ஒலி கேட்டால் எத்தனை, நீளமா குட்டையா என்று எழுதிக்கொள்ளுங்கள். அவற்றின் பொருள் மதர்போர்டுக்கு மதர்போர்டு மாறுபடும் என்பதால், இணையத்தில் கிடைக்கும் பொதுப்பட்டியலை விட உங்கள் மாடலின் கையேட்டையே நம்புங்கள்.

சின்னம் வருகிறது, விண்டோஸ் வரவில்லை

செருகியபடியே மறந்துபோன பென்டிரைவை எடுத்துவிட்டு மீண்டும் தொடங்குங்கள். இத்தனை எளிய காரணமா என்று வியக்கும் அளவுக்கு இது பலமுறை பலித்திருக்கிறது. பிறகு டெலீட் அல்லது எஃப்2 விசையை அழுத்தி, பயாஸ் எனப்படும் மதர்போர்டின் அமைப்புத் திரைக்குள் சென்று, ஹார்ட் டிஸ்க் அல்லது எஸ்எஸ்டியின் பெயர் பட்டியலில் தெரிகிறதா என்று பாருங்கள். பெயர் இல்லையென்றால் அதன் வடத்தை மாற்றிச் செருகிப் பார்க்கலாம். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து 'டிக், டிக்' என்று ஒலி வந்தால் உடனே அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு முறை ஓட்டுவதும் உள்ளிருக்கும் கோப்புகளுக்குக் கேடு.

பயாஸில் தேதி பல ஆண்டுகள் பின்னோக்கிப் போயிருந்தால், மதர்போர்டில் உள்ள 3 வோல்ட் சிஆர்2032 பட்டன் செல் தீர்ந்திருக்கிறது என்று பொருள். செல்லை மாற்றுவது எளிது. ஆனால் பயாஸின் அமைப்புகள் ஆலை நிலைக்குத் திரும்பியிருக்கும் என்பதால், வட்டு (ஹார்ட் டிஸ்க் அல்லது எஸ்எஸ்டி) இயங்கும் முறை முன்பு 'ரெய்ட்' என்று இருந்து இப்போது 'ஏஎச்சிஐ' என்று மாறியிருந்தால், விண்டோஸ் நீலத்திரை (பிழைச்செய்தித் திரை) காட்டும். பழைய முறைக்கு மாற்றினாலே அது ஓடும். இங்கே ஃபார்மேட் செய்பவர்கள் நல்ல விண்டோஸை வீணாக அழிக்கிறார்கள்.

விண்டோஸ் பாதியில் விழுந்தால்

விண்டோஸ் 10, 11 ஆகியவை அடுத்தடுத்துச் சிலமுறை தொடங்கத் தவறினால், பழுதுநீக்கும் திரைக்குத் தாமாகவே செல்லும். அதில் 'டிரபுள்ஷூட்', பிறகு 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' வழியாகச் சென்று முதலில் 'ஸ்டார்ட்அப் ரிப்பேர்', அது பலிக்காவிட்டால் அண்மையில் வந்த அப்டேட்டை நீக்கும் வசதி என்ற வரிசையில் முயலுங்கள். அதன்பிறகு 'ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்' சென்று, 'ரீஸ்டார்ட்' கொடுத்தபின் 4 என்ற எண்ணை அழுத்தினால் சேஃப் மோடு (விண்டோஸ் அத்தியாவசியப் பகுதிகளோடு மட்டும் ஓடும் நிலை) திறக்கும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் பழுதான புதுப்பிப்பால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் நின்றபோதும், சேஃப் மோடுக்குள் சென்று ஒரு கோப்பை நீக்குவதே பலருக்குக் கைகொடுத்தது.

பழுதுநீக்கும் திரையில் பிட்லாக்கரின் (வட்டைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) 48 இலக்க மீட்பு எண் கேட்கப்படலாம். அது வழக்கமாக உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். கைபேசியில் அந்தக் கணக்குக்குள் நுழைந்து எடுத்துக்கொள்ளலாம். விண்டோஸை மீண்டும் நிறுவ வேண்டிய கட்டம் வந்தால், முதலில் வட்டைக் கழற்றி வேறொரு கணினியில் இணைத்துப் படங்களையும் ஆவணங்களையும் நகலெடுத்துவிடுங்கள்; அப்போதும் அந்த மீட்பு எண் தேவைப்படலாம்.

லாமிங்டன் ரோட்டுக்கு எடுத்துச் செல்வதானால்

கிராண்ட் ரோடு ரயில் நிலையத்தை ஒட்டிய, கணினிக் கடைகள் நிறைந்த லாமிங்டன் ரோட்டில் உதிரிபாகம் கிடைக்காமல் போவது அரிது. ரேம் வாங்கப் போகிறவர்கள் பழைய ரேமையும், மதர்போர்டின் மாடல் எண்ணைக் காட்டும் படத்தையும் எடுத்துச் செல்லுங்கள். டிடிஆர்4 ஸ்லாட்டில் டிடிஆர்5 பொருந்தாது. முழுக் கேபினட்டையும் பழுதுக்குக் கொடுப்பதானால், எந்தக் கட்டத்தில் நிற்கிறது, எதையெல்லாம் மாற்றிப் பார்த்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள். பழுது முதல் இரண்டு நிலைகளில் இருந்தால் ஹார்ட் டிஸ்க்கையும் எஸ்எஸ்டியையும் கழற்றி வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். பயாஸ் திரை வரை கணினியைச் சோதிக்க அவை தேவையில்லை.