ரியாக்டுக்குப் போகும் முன் ஒரு வரி

பழைய பிஎச்பி சாஃப்ட்வேர் போனில் பொடிப்பொடியாகத் தெரிகிறது என்பதற்காக, அதை ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியில் திரும்ப எழுதக் காசு கொடுத்துவிடாதீர்கள். முதலில் எல்லாப் பக்கங்களுக்கும் பொதுவான ஹெடர் ஃபைலில், பக்கத்தை எந்த அகலத்தில் வரைய வேண்டும் என்று பிரவுசருக்குச் சொல்லும் வியூபோர்ட் மெட்டா டேக் ஒன்றைச் சேருங்கள்: விட்த்துக்கு டிவைஸ்-விட்த், இனிஷியல்-ஸ்கேல் 1. அவ்வளவுதான்.

அந்த வரி இல்லாவிட்டால் போன் பிரவுசர் பக்கத்தைப் பெரும்பாலும் 980 பிக்சல் அகலத்துக்கு வரைந்து, அப்புறம் திரைக்குள் சுருக்கிவிடும். அகலமான டேபிளை ஒரு டிவ்வுக்குள் (பக்கத்தில் ஒரு பெட்டி மாதிரி) வைத்து, அதற்கு சிஎஸ்எஸ்ஸில் ஓவர்ஃப்ளோ-எக்ஸ் ஆட்டோ கொடுத்தால், அது மட்டும் பக்கவாட்டில் நகரும். திரும்ப எழுதுவதில் ஆபத்தும் உண்டு. வேலூர் காந்தி ரோட்டு லாட்ஜ் ஒன்றின் பில் சாஃப்ட்வேரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரிக்கு வந்தவர் தங்கலை நீட்டித்தால் வாடகை எப்படி, அட்வான்ஸ் கழிப்பது எப்படி என்ற நுணுக்கமெல்லாம் அந்தப் பழைய கோடில்தான் இருக்கும். திரும்ப எழுதினால் முதலில் தொலைவது அதுதான் (புது டெவலப்பர் கொட்டேஷனில் இது வராது).

பக்கமே நிலையான பிக்சல் அகலத்தில் கட்டப்பட்டிருந்தால் இந்த ஒரு வரி போதாது. அகலங்களைச் சதவீதமாக்க வேண்டும். சாஃப்ட்வேர் பிஎச்பி 5.6-இல் ஓடுகிறது, இன்டர்நெட்டிலும் திறந்திருக்கிறது என்றால் கதை வேறு. அந்த வெர்ஷனுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2018 முடிவோடு நின்றுவிட்டன, அதனால் வெர்ஷனை ஏற்றியே ஆக வேண்டும். டேட்டாபேஸோடு பேசும் பழைய மைஎஸ்கியூஎல் ஃபங்ஷன்கள் பிஎச்பி 7-இல் கிடையாது. அவற்றை அதன் புது வடிவமான மைஎஸ்கியூஎல்ஐ-க்கு மாற்றுங்கள்.