சர்வரின் பதில் 40 மில்லி வினாடி தாமதமானால்: காரணத்தைக் கண்டறியும் முறை

சி மொழியில் நான் எழுதிய சிறிய வெப் சர்வர் ஒன்று, பிங் நேரம் (ஒரு பாக்கெட் மறுமுனைக்குச் சென்று திரும்பும் நேரம்) ஒரு மில்லி வினாடியைத் தாண்டாத உள் வலையமைப்பிலேயே, சில நூறு பைட் பதிலை அனுப்ப 40 மில்லி வினாடி எடுத்துக்கொண்டது. லினக்ஸில் அதன் காரணத்தைக் கண்டறிந்த வழியை இங்கே விளக்குகிறேன்.

முதற்படியாக, ஒரு நிரல் கர்னலுக்கு (இயங்குதளத்தின் மையப்பகுதிக்கு) விடுக்கும் அழைப்புகளைக் காட்டும் எஸ்ட்ரேஸ் கருவியை, ஒவ்வோர் அழைப்பும் எடுத்த நேரத்தைக் காட்டும் தெரிவுடன், ஓடிக்கொண்டிருக்கும் சர்வரோடு இணையுங்கள். என் சர்வரில் தரவை எழுதி அனுப்பும் 'ரைட்' அழைப்புகள் யாவும் சில மைக்ரோ வினாடிகளில் முடிந்ததால், பழுது சர்வரில் இல்லை என்று முடிவுகட்டி ஒரு நாள் முழுவதையும் வீணாக்கினேன். ரைட் முடிந்தது என்றால் தரவு கர்னலின் பஃபருக்குள் (தற்காலிகச் சேமிப்பிடத்துக்குள்) சென்றுவிட்டது என்பதே பொருள். அது கம்பியில் ஏறிவிட்டது என்று பொருளல்ல.

அடுத்து, பாக்கெட்டுகளுக்கு இடையிலான கால இடைவெளியை, வலையமைப்பில் செல்லும் பாக்கெட்டுகளைப் பதிந்து காட்டும் டிசிபிடம்ப் கருவி கொண்டு பாருங்கள். சர்வரிலேயே, வரி வரியாகப் படிக்க முடிவதால், இதே வேலையைத் திரைவடிவில் செய்யும் வயர்ஷார்க்கைவிட இதையே நான் விரும்புகிறேன். ஆனால் ஒரே இணைப்பில் பல கோரிக்கைகளைத் தொடர்ந்து அனுப்பிச் சோதிக்க வேண்டும். இணைப்பின் தொடக்கத்தில் லினக்ஸ் ஒப்புகையை (தரவு வந்து சேர்ந்தது என்று மறுமுனைக்குச் சொல்லும் செய்தியை) உடனுக்குடன் அனுப்பிவிடுவதால், கர்ல் என்ற கட்டளைவரிக் கருவி மூலம் ஒரேயொரு கோரிக்கையை அனுப்பினால் தாமதம் கண்ணில் படாது. என்னை நெடுநேரம் திசைதிருப்பியதும் இதுவே.

என் சர்வர் தலைப்பை ஒரு ரைட்டிலும் உள்ளடக்கத்தை மற்றொரு ரைட்டிலும் எழுதியது. தலைப்பு உடனே புறப்பட்டது. அனுப்பியதற்கு ஒப்புகை வராத வரை அடுத்த சிறு துண்டை அனுப்பாதே என்பது 1984-இல் ஜான் நேகல் முன்வைத்த விதி. அதன்படி உள்ளடக்கம் காத்திருந்தது. மறுமுனையோ, பதில் தரவோடு சேர்த்தே ஒப்புகையை அனுப்பலாம் என்று 40 மில்லி வினாடி வரை அதை நிறுத்தி வைத்தது.

தலைப்பையும் உள்ளடக்கத்தையும், பல துண்டுகளை ஒரே தடவையில் எழுதும் 'ரைட்வி' அழைப்பால் ஒன்றாக எழுதியதும் தாமதம் மறைந்தது. நேகலின் விதியை அணைக்கும் டிசிபி_நோடிலே அமைப்பும் பயன்தரும். எனினும் அதை மட்டும் வைத்தால் சிறு பாக்கெட்டுகள் பெருகும் என்பதால், எழுதும் முறையைத் திருத்துவதையே முதலில் பரிந்துரைப்பேன்.

பிற்சேர்க்கை: நோடிலே வைத்த பின்னும் பெரிய கோப்புகள் மெதுவாகவே செல்வதாக வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அது வேறு சிக்கல். இணைப்புகளின் நிலையைக் காட்டும் எஸ்எஸ் கட்டளையில் 'செண்ட்-கியூ' எண் (இன்னும் ஒப்புகை வராத பைட்களின் அளவு) தொடர்ந்து உயர்ந்தே நின்றால், பெரும்பாலும் மறுமுனை மெதுவாகப் படிக்கிறது அல்லது வழியில் பாக்கெட்டுகள் தொலைகின்றன. அதே கட்டளையின் விரிவான வெளியீட்டில் மறு அனுப்புதல்களின் எண்ணிக்கையைப் பார்த்தால் இவ்விரண்டில் எது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.